பிறை தெரிந்தால் ஒரு லிஸ்ட், தெரியாவிட்டால் ஒரு லிஸ்ட்

இத்தாலியின் வடமேற்கில் லாங்கே என்று ஒரு பகுதி இருக்கிறது. குன்று குன்றாகத் திராட்சைத் தோட்டம், ஒயினுக்குப் பேர்போன இடம். அங்கே ஆறு நாள் சுற்றப் போகிற ஒருவரை, ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஆறு நாளும் பூட்டிய கதவுகளின் முன்னால் கொண்டுபோய் நிறுத்த என்னால் முடியும். ஒரு தடவை அதற்கு லிஸ்ட் போட்டும் கொடுத்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லை.

துபாயில் தேராவில், அத்தர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் உள்ள ஒரு டிராவல் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஐரோப்பா போகிறவர்களுக்கு எந்த ஊர், எந்த ஹோட்டல், எந்த நாள் எங்கே என்று லிஸ்ட் போட்டுக் கொடுக்க வேண்டும். பதினோரு வருஷமாகப் போடுகிறேன். ஐரோப்பாவை நான் பார்த்தது கம்ப்யூட்டரில்தான். ஆனால் மேலோட்டமாகப் பார்க்கவில்லை. மேப்பில் இறங்கி வளைவு வளைவாக ரோட்டோடு போயிருக்கிறேன். லா மோரா என்ற மலையூரில் காரை எங்கே நிறுத்தினால் ஏற்றம் குறைவு என்று தெரியும். எந்தக் கடை திங்கட்கிழமை திறக்காது, எந்தக் கோட்டைக்குப் புதன்கிழமை லீவு, எந்தச் சமையல்காரர் மத்தியானம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்துவிடுவார் என்பதெல்லாம் மனப்பாடம்.

நான் முக்காடு போட்ட பொம்பளை. ஒயினை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸுக்கு அந்த ஒயின் நாட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நான்தான். வளைகுடாவில் குடிக்காத குடும்பங்கள் நிறைய. அவர்களும் ரோம், வெனிஸ் எல்லாம் பார்த்துச் சலித்துப்போய், "வேற என்ன இருக்கு?" என்று வந்து நிற்பார்கள். குடிக்காதவனுக்கு அங்கே என்ன வேலை என்று மற்ற ஏஜென்ட்டுகள் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நான் ஹேஸல்நட் தோப்பைப் பிடித்தேன், சீஸ் செய்கிற வீட்டைப் பிடித்தேன், தேன்காரரைப் பிடித்தேன். வானவில் மாதிரி வர்ணமடித்த ஒரு சின்ன தேவாலயம், மலைமுகட்டுக் கோட்டைகள், மீனும் முட்டையும் சமைத்துத் தருகிற பண்ணைவீடுகள் எல்லாவற்றையும் சேர்த்தேன். ஒரு பாட்டிலைத் திறக்காமல் ஆறு நாளை நிறைத்துக் காட்டினேன். அபுதாபியிலிருந்தும் குவைத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் போய் வந்தார்கள்.

எல்லா லிஸ்டிலும் கடைசி நாள் ஒரே இடம்தான். அந்தக் குன்றுகளில் அங்கங்கே ராட்சச பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். பெரிய மனிதர்கள் ஏறி உட்கார்ந்தாலும் கால் தரையில் படாது, சின்னப் பிள்ளைக்குத் தொங்குவதுபோல் தொங்கும். அதில் ஒரு மஞ்சள் பெஞ்சு, தோட்டத்து விளிம்பில், ரோட்டிலிருந்து மண்பாதையில் பத்து நிமிஷம் நடந்தால் வரும். ஊரையெல்லாம் அங்கே அனுப்பினேன். மனதுக்குள் மட்டும் அதை எனக்கென்று வைத்திருந்தேன். ஒருநாள் அதில் ஏறிக் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும். என் வீட்டுக்காரரிடம்கூட அந்த ஆசையைச் சொன்னதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால், அங்கே எங்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும் இத்தாலியப் பெண்மணியிடமிருந்து என் பேருக்கு ஒரு மெயில் வந்தது. நவம்பரில் ஏஜென்ட்டுகளை ஆறு நாள் அழைத்துச் சுற்றிக்காட்டுகிறார்கள், டிக்கெட்டிலிருந்து சாப்பாடுவரை அவர்கள் செலவு. குடிக்காதவர்களை இங்கே அனுப்பி வைக்கும் பெண்ணை நாங்கள் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதியிருந்தார். நான் பாத்ரூமில் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதேன்.

விசாவுக்கு ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வேண்டும். இவர் எங்களிடம் வேலை பார்க்கிறார், லீவு கொடுத்திருக்கிறோம், போய்விட்டுத் திரும்புவார், ஆட்சேபம் இல்லை என்று நாலு வரி. இங்கே எல்லோரும் அதை என்.ஓ.சி. என்பார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் மேனேஜர். எங்கள் கடற்கரை ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். நான் அவரைக் காக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

"லெட்டர்தானே, இன்னக்கிப் போட்டுர்றேன் தங்கச்சி" என்றார். மறுநாள் சீல் வேறு எங்கோ இருந்தது. அதற்கடுத்த நாள் லெட்டர்ஹெட் தீர்ந்திருந்தது. விசா சென்டரில் எனக்குக் கொடுத்திருந்த தேதியும் கடந்துபோனது. அன்று மத்தியானம் என்னைத் தன் கேபினுக்குள் உட்காரவைத்துப் பேசினார்.

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பொம்பளப்புள்ள, முக்காடு போட்டுக்கிட்டு ஒயின் பீப்பாய்க்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா ஊருல என்ன பேசுவாக? நீ போயி என்ன செய்யப் போறே, குடிக்கவா போறே?"

அந்தக் கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டிருப்பேன். அவர் போகப் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரை அனுப்பியிருந்ததை அடுத்த வாரம்தான் ஆபீஸ் மெயிலில் பார்த்தேன்.

போனார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கொத்துக் கொத்தாகக் கறுப்புத் திராட்சை போட்டார். நவம்பர் கடைசியில் அங்கே கொடியில் குலை ஏது? அறுவடை முடிந்து எல்லாம் பீப்பாய்க்குள் போயிருக்கும். எங்கேயோ சுட்ட படம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது மற்றவர்களுக்குச் சாக்லேட், எனக்கு மட்டும் விசேஷமாக ஒரு ஃப்ரிட்ஜ் காந்தம். அதில் பீசா கோபுரம் சாய்ந்து நின்றது. பீசாவுக்கும் அந்தக் குன்றுகளுக்கும் என்ன சம்பந்தம்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து காக்கா என்று கூப்பிடுவதை நிறுத்தி, சார் என்றேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை. அது தனியாக எரிந்தது.

"விட்டுத் தொல. ரிஸ்க்கு கொடுத்துப் படியளக்குறவன் அல்லா, அந்த ஆளு இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். நல்ல மனிதர், அவரால் விட முடியும். நான் அந்தக் காந்தத்தை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. ஆபீஸில் என் மானிட்டரின் இரும்புக் காலில் ஒட்டிவைத்தேன். தினமும் பார்க்க வேண்டும் என்றுதான். பார்க்காவிட்டால் கோபம் ஆறிவிடும், எனக்கு ஆற விருப்பமில்லை.

அது நடந்த இரண்டாவது வருஷம், நோன்பு மாதத்தில், மேனேஜர் தானாகவே வந்து மாட்டினார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். பெருநாள் லீவில் மனைவியை லாங்கேவுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாராம்.

"லிஸ்ட நீ போட்டுரு தங்கச்சி. எல்லா எடமும் நான் பாத்ததுதான், ஆனா ஒக்காந்து எழுத டைம் இல்ல. ரூம் மட்டும் பிடி, வேற புக்கிங் எதுவும் வேணாம். அங்க எல்லாருக்கும் என்னயத் தெரியும்."

புக்கிங் வேண்டாம் என்று அவர் வாயால் சொன்னபோது எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. புக்கிங் செய்தால் அந்த நாளில் கடை இல்லை என்று பதில் வந்துவிடும். செய்யாவிட்டால் நான் எழுதியதுதான் வழி.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. நோன்புப் பெருநாளுக்குப் பயணம் போடுகிற எந்த ஆபீஸும் இங்கே இரண்டு தேதி வைத்துத்தான் வேலை செய்யும். இருபத்தொன்பதாம் நோன்பு மக்ரிபுக்கு, பொழுது சாய்ந்ததும், பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் ஒருநாள் தள்ளி. இரண்டு தேதிக்கும் அறை பிடித்துவைத்துவிட்டு, அறிவிப்பு வந்ததும் ஒன்றை விடுவோம். ஒருநாள் தள்ளிப்போனால் என் திட்டம் பாழ். திங்கட்கிழமை பூட்டுகிற சாப்பாட்டுக் கடைக்கு அவர் செவ்வாய்க்கிழமை போய் வயிறாரச் சாப்பிட்டுவிடுவார். அதனால் இரண்டு லிஸ்ட் போட்டேன். பிறை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒன்று. பெருநாள் எந்தக் கிழமையில் பிறந்தாலும் கதவு பூட்டியிருக்கும்.

வேறு யாருக்கும் அவ்வளவு சிரத்தையாக நான் இடம் தேர்ந்தெடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு, ஞாயிறு அன்று குடும்பத்தோடு வெளியே போய்விடுகிற சீஸ்காரர் வீடு. புதன்கிழமைக்குப் புதன் லீவு விடுகிற கோட்டை. சனிக்கிழமை ஆல்பா நகரத்தில் சந்தை, ரோட்டை அடைத்துவிடுவார்கள், கார் நிறுத்த இடம் கிடைக்காது. அதனால் ஆல்பாவுக்குச் சனிக்கிழமை. மேனேஜருக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் கல் பாவிய செங்குத்துத் தெருவாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். தங்குவதற்குக் காலை ஆறு மணிக்கெல்லாம் அடிக்க ஆரம்பித்துக் கால்மணிக்கொரு தரம் அடிக்கிற மணிக்கூண்டின் காலடியில் ஓர் அறை. எல்லாமே நல்ல இடங்கள், எல்லாமே உண்மையான முகவரிகள். என்ன கிழமையில் திறந்திருக்கும் என்பதை மட்டும் எழுதவில்லை. நோன்பு வைத்துக்கொண்டு இதைச் செய்தேன். பாவம்தான். செய்யும்போது பசியே தெரியவில்லை.

பெருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் மனைவி ஆபீஸுக்கு வந்தார். அவரை நான் லாத்தா என்று கூப்பிடுவேன், அக்கா மாதிரி. ஊரிலிருந்து வந்த தொதல் ஒரு டப்பா எனக்காகக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஊர்க் கறுப்புத் தொதல், தேங்காய்ப்பால் அல்வா மாதிரி, நெய் மினுங்கியது. மேனேஜர் வெளியே போயிருந்தார்.

"நோன்பு தொறந்துட்டுச் சாப்புடுங்க. இந்தப் பயணத்துக்கு நீங்கதான் பாடுபடுறீகளாமே. இருவத்தஞ்சு வருசத்துல உம்ராவுக்கு மக்காவுக்கும் ஊருக்கும் தவிர நான் எங்கயும் போனதில்ல. போன தடவ போயிட்டு வந்ததுலேர்ந்து இவுக ஒரு பெஞ்சப் பத்தியே சொல்லிக்கிட்டு இருப்பாக. மஞ்சப் பெஞ்சாம், அதுல ஏறி ஒக்காந்து காலத் தொங்கப் போட்டாகளாம். நானும் அதுல ஒக்காரணும்."

என் லிஸ்டில் நான் எழுதிய வரிகளையே மனைவியிடம் ஒப்பித்திருக்கிறார். சீட்டைத்தான் எடுத்துக்கொண்டார் என்று நினைத்திருந்தேன், ஆசையையும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

லாத்தா போனதும் இத்தாலிக்குப் போன் போட்டேன். அறையை உறுதி செய்வதுபோலப் பேசிவிட்டு, போன தடவை எங்கள் மேனேஜருக்கு எந்த இடம் ரொம்பப் பிடித்தது, பெஞ்சுக்குப் போனாரா என்று கேட்டேன். அந்தப் பெண்மணி சிரித்தார். அவர் குன்றுகளுக்கே வரவில்லையே என்றார். முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டோடு உடம்பு சரியில்லை என்று மிலானுக்குப் போய்விட்டார், மிச்ச நாளெல்லாம் அங்கேதான், போகும்போது மால் பைகளோடு ஏர்போர்ட்டில் பார்த்தோம் என்றார். "நீங்கள் ஏன் வரவில்லை?" என்று என்னைக் கேட்டார். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பார்க்கவாவது செய்திருந்தால் ஒரு திருடனுக்குரிய மரியாதையாவது அவருக்கு மிச்சமிருந்திருக்கும். வைக்கோல்போர் நாய் மாதிரி, தானும் தின்னவில்லை, மாட்டையும் தின்னவிடவில்லை. என் இடத்தில் உட்கார அவருக்கு ஆசையே இருந்ததில்லை. நான் உட்காரக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. என் இரண்டு லிஸ்டையும் எடுத்துப் பார்த்தேன். பூட்டிய கதவெல்லாம் இந்த ஆளுக்குப் போதாது என்று தோன்றியது.

அவரிடம் கொடுத்த லிஸ்டுகளை அப்படியே விட்டேன். லாத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் வேறு இரண்டு அனுப்பினேன், இரண்டு பிறைக்கும். எல்லாம் திறந்திருக்கும் கடைகள், ஏற்றம் இல்லாத தெருக்கள், போன் போட்டுச் சொல்லிவைத்த வீடுகள். சார் கூட்டிப்போகிற இடம் சரிப்படாவிட்டால் இதைப் பாருங்கள் என்று எழுதினேன். மணிக்கூண்டு அறையை மாற்றினேன். லாத்தாவின் மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று எழுதலாம், படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. இதைவிட நல்ல ஆயுதம் எனக்குக் கிடைக்காது என்பது தெரிந்துதான் செய்தேன். பெஞ்சு என்று எழுதிய இடத்தில் வழி எழுதவில்லை. அதற்குப் பதில் ஒரு வரி சேர்த்தேன்: "சார் உட்கார்ந்த இடம். அவரையே காட்டச் சொல்லுங்கள். வழி தெரியவில்லை என்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள்."

அந்த வருஷம் பிறை தெரியவில்லை. இரண்டாவது லிஸ்ட்.

முதல் நாளே மெசேஜ் வந்தது. "இவுக கூட்டிட்டுப் போன வீடு பூட்டிக் கெடக்கு. ஒங்க லிஸ்டுல உள்ளதுக்குப் போனோம், சீஸ் நல்லாருந்துச்சு." இரண்டாம் நாள் மறுபடியும் பூட்டு. மூன்றாம் நாள் முதல் லாத்தாதான் முன்னால் போயிருக்கிறார், இவர் பின்னால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார். நான் இங்கே பெருநாள் லீவில் பிரியாணிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒவ்வொரு மெசேஜையும் இரண்டு தடவை படித்தேன்.

கடைசி நாள் மத்தியானம் வாய்ஸ் மெசேஜ். லாத்தா மூச்சு வாங்கப் பேசினார்.

"எங்க ஒக்காந்தீக, காட்டுங்கன்னு கேட்டேன். இந்தா அந்தான்னு ரெண்டு மணி நேரம் கார ஓட்டுனாக. நீலப் பெஞ்சக் காட்டி இதுதான்னாக. மஞ்சன்னு சொன்னீகளேன்னேன். பெயிண்ட மாத்திட்டாகன்னாக. அப்புறம் கார ஓரங்கட்டிட்டு, நான் இங்க வரவே இல்லன்னு சொல்லிட்டாக. ஒங்களத்தான் கூப்புட்டாகளாமே? லெட்டரு குடுக்காம இவுகதான் வந்தாகளாமே? எனக்கு வெக்கமாருக்கும்மா. வழியச் சொல்லுங்க, நான் போய் ஒக்காந்துட்டு வந்துர்றேன்."

வழியைச் சொன்னேன். அரைமணி நேரத்தில் ஒரு போட்டோ வந்தது. மஞ்சள் பெஞ்சில் லாத்தா தனியாக உட்கார்ந்திருந்தார். கால் தொங்கியது, ஒரு செருப்பு கீழே விழுந்து கிடந்தது. பின்னால் திராட்சைக் கொடியில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. போட்டோ எடுத்தது மேனேஜர்தானே, அவர் நிழல் தரையில் நீளமாக விழுந்திருந்தது. அந்த நிழலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெயித்துவிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். அடுத்த நிமிஷம் லாத்தாவின் மேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. எனக்குத் தொதல் கொண்டுவந்து கொடுத்த மனுஷி, ஒரு பாவமும் அறியாதவர். ஆனால் உட்கார்ந்திருந்தது என் இடத்தில். அனுப்பியதும் நான்தான்.

லீவு முடிந்து வந்த முதல் நாள், மேனேஜர் என் மேஜையில் ஒரு கவரை வைத்தார். உள்ளே என்.ஓ.சி., கையெழுத்தும் சீலும் போட்டு. "அவ சொன்னா" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் போகவில்லை. அந்தக் கடிதத்தில் தேதி ஒரு மாதத்துக்கு மேல் பழையதானால் விசா சென்டரில் வாங்கமாட்டார்கள். மாதம் முடிந்ததும் அவர் கேபினுக்குப் போனேன். "சார், லெட்டர் பழசாயிடுச்சு. புதுசு வேணும்." போட்டுக் கொடுத்தார். அடுத்த மாதமும் போனேன். பெஞ்சில் ஒருநாள்தான் உட்கார முடியும், இது மாதாமாதம் கிடைத்தது. பேனாவைத் தேடும்போது அவர் கழுத்து சிவக்கும், அதைப் பார்க்கத்தான் போவேன். ஒருமுறை தேதி தப்பாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். தேதி சரியாகத்தான் இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போயிற்று. போன மார்கழியில், ஊரில் மழை என்று எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், கடிதத்தோடு போய் நின்றேன். அவர் போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், இடது கையால் காகிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். கழுத்து சிவக்கவில்லை. அவருக்குப் பழகிவிட்டது. கரண்ட் பில் கட்டுவதுபோல ஒரு வேலை. நான்தான் அவர் மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு மாதாமாதம் நின்றுகொண்டிருக்கிறேன், என் கடிதத்துக்காக, முதல் தடவை நின்ற அதே இடத்தில். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் பேச்சை முடித்துவிட்டு, "இன்னும் எத்தன லெட்டரு தங்கச்சி?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"இதுதான் காக்கா கடேசி" என்றேன். காக்கா என்றதையும் அவர் கவனிக்கவில்லை.

அந்த வாரமே விசா சென்டரில் தேதி வாங்கினேன். போன வாரம் பாஸ்போர்ட் வந்தது, ஸ்டிக்கரோடு. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவ்வளவு தூரம் போய்ப் பெஞ்சில் உட்காரவா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது நோன்பு நடக்கிறது. எனக்கும் இரண்டு லிஸ்ட் போட்டாயிற்று, பிறை தெரிந்தால் ஒன்று, தெரியாவிட்டால் ஒன்று. இரண்டிலும் எல்லாக் கதவும் திறந்திருக்கும், ஒவ்வொன்றையும் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். பெஞ்சுக்கு ஒரு முழு நாள். கடைசியில் இரண்டு லிஸ்டிலும் ஒரே வரி எழுதியிருக்கிறேன்: ஆல்பாவில் ஃப்ரிட்ஜ் காந்தம் ஒன்று, மேனேஜருக்கு.